ரூட் கேனல் செய்த பல்லில் கசிவு வராமல் பார்த்துக்கொள்வது எப்படி: முதல் நாள் முதல் கேப் வரை

இடது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குக் கீழே, ஈறில் கடுகளவு ஒரு கொப்புளம். வலி இல்லை. அழுத்தினால் உப்புக் கரிக்கிற மாதிரி ஏதோ கசிந்தது, இரண்டு நாளில் அமுங்கியது, அடுத்த வாரம் மறுபடி வந்தது. அந்தப் பல்லுக்கு எட்டு மாதம் முன்புதான் ரூட் கேனல் செய்திருந்தேன். மேலே கேப்பும் (பல்லை மூடும் உறை) போட்டாகிவிட்டது. அதனால் அந்தப் பல்லின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வேர் சிகிச்சை நிபுணர் ஒருவர் அந்தக் கொப்புளத்தின் துளை வழியாக, மெல்லிய ரப்பர் குச்சி ஒன்றை வலிக்காமல் உள்ளே செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் அந்தக் குச்சி வெள்ளைக் கோடாக வளைந்து, நேராக என் பல்லின் வேர் நுனியில் போய் நின்றது. பிறகு கேப்பைக் கழற்றி, வேருக்குள் இருந்த அடைப்பை இழுத்து எடுத்தபோது அது கறுத்துப் போயிருந்தது. நாற்றம் எனக்கே தெரிந்தது. மேலிருந்து எச்சில் இறங்கியிருக்கிறது என்றார்.

எங்கே தவறியது என்று திரும்பிப் பார்த்தால் விடை எளிது. வேரை அடைத்த பிறகு வலி போய்விட்டது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, தற்காலிக அடைப்போடு நான்கு மாதம் இருந்துவிட்டேன். அதற்கு அப்புறம் அதே பழைய அடைப்பின் மேலேயே கேப் ஏறியது. செய்ததையே மறுபடி செய்ய இரண்டாவது முறை செலவு, நேரம், வலி எல்லாம். நீங்கள் இப்போதுதான் ரூட் கேனல் செய்துகொள்ளப் போகிறீர்கள் என்றால், அல்லது பாதியில் இருக்கிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

1. கசிவு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரூட் கேனலில் நடப்பது இதுதான்: பல்லின் மேல்பக்கம் துளையிட்டு, உள்ளே அழுகிய நரம்புத் திசுவை எடுத்து, வேருக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களைச் சிறு அரங்களால் சீவி, கிருமிநாசினி விட்டுக் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைக்கிறார்கள். அந்த ரப்பருக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே இருக்கும் இடுக்கைச் சீலர் என்ற பசை நிரப்புகிறது.

இந்த அடைப்பு தனியாக எச்சிலைத் தடுத்து நிற்கும்படி செய்யப்பட்டதல்ல. அதற்கு மேலே ஒரு மூடி வேண்டும். 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்கூடச் சோதனையில், வேரை அடைத்து மேல்மூடி போடாமல் விட்ட பற்களில் கிருமிகளை வைத்துப் பார்த்தார்கள். ஒருவகைக் கிருமி 19 நாளிலும் இன்னொன்று 42 நாளிலும், பாதிக்கும் மேற்பட்ட வேர்களில் நுனி வரை இறங்கிவிட்டது. 1995-இல் ரே, ட்ரோப் இருவரும் 1010 பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து எழுதியது இன்னும் கவனிக்க வேண்டியது: வேர் நுனி ஆரோக்கியமாக இருப்பதற்கும் மேல் அடைப்பு நன்றாக இருப்பதற்கும் உள்ள தொடர்பு, வேர் அடைப்பின் தரத்தோடு உள்ள தொடர்பைவிட வலுவாக இருந்தது. வேர் அடைப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பல் சிக்கலில் மாட்டும்.

2. முதல் ஊசிக்கு முன்பே கேப் வரை பேசி முடியுங்கள்

பெரும்பாலானவர்கள் வலியோடு போய் உட்காருகிறோம். வலி நின்றால் போதும் என்ற மனநிலையில் மற்றதைக் கேட்பதில்லை. அவசரமாக வலியைத் தணிக்க வேண்டியிருந்தால் அதை அன்றே செய்துகொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் வேரை அடைக்கும் முன் இந்தக் கேள்விகளுக்கு விடை வாங்கிவிடுங்கள்:

- சொத்தையை முழுக்க எடுத்த பிறகு கேப் பிடித்து நிற்க ஈறுக்கு மேலே போதுமான பல் மிஞ்சுமா? சுற்றிலும் சுமார் 2 மி.மீ. உயரத்துக்கு நல்ல பல் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அது இல்லை என்றால் வேரை எவ்வளவு அழகாக அடைத்தாலும் மேலே கசியும், அல்லது உடையும்.
- எத்தனை அமர்வு? ஒவ்வொன்றுக்கும் தேதி என்ன?
- வேரை அடைத்த அன்றே மேலே நிரந்தர அடைப்பு வைப்பீர்களா? இல்லையென்றால் எத்தனை நாளில்?
- கேப் யார் போடுவார்கள்? வேர் சிகிச்சை ஓரிடத்திலும் கேப் வேறிடத்திலும் என்றால், இரண்டாவது இடத்துக்கும் இப்போதே தேதி வாங்குங்கள்.

செலவு விஷயத்தில்தான் பலர் இடறுகிறார்கள். "ரூட் கேனலுக்கு இவ்வளவு" என்று சொல்லும் தொகையில் பல நேரம் கேப் அடங்காது. வேர் சிகிச்சை, மேலே கட்டும் நிரந்தர அடைப்பு, தேவைப்பட்டால் மேல் அடைப்பைத் தாங்க வேருக்குள் நடும் போஸ்ட் என்ற சிறு கம்பி, கேப், எக்ஸ்ரே என ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் பிரித்து எழுத்தில் வாங்குங்கள். கையில் வேர் சிகிச்சைக்கு மட்டும் பணம் இருந்து, கேப்பை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்தால், அதையும் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கேப் போடும் வரை தாங்கக்கூடிய உறுதியான அடைப்பை அவர் அன்றே வைக்க முடியும். கேப் போட வழியில்லை என்று வெட்கப்பட்டு மறைத்துவிட்டு, பஞ்சும் மாவும் போன்ற தற்காலிக அடைப்போடு வீட்டுக்குப் போவதுதான் பல்லைக் கெடுக்கும்.

காப்பீடு இருந்தால் முன்அனுமதி வேண்டுமா, கேப்புக்குத் தனி அனுமதியா, அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். கேப்புக்கான அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் வாரங்களில்தான் தற்காலிக அடைப்பு தேய்ந்து போகிறது. வேர் சிகிச்சைக்கு மனுப் போடும்போதே கேப்புக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

3. நாற்காலியில் இருக்கும்போது

வாயைத் திறந்து படுத்திருக்கும் நிலையிலும் கவனிக்கக்கூடியவை இரண்டு உண்டு.

முதலாவது ரப்பர் டேம். பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பைக் கட்டி, அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரியும்படி செய்வார்கள். எச்சில் உள்ளே போகாமல் தடுப்பதே அதன் முதல் வேலை. மூச்சு மூக்கால் விட வேண்டும், தாடை கொஞ்சம் களைக்கும், அவ்வளவுதான். "ரப்பர் டேம் போட்டுச் செய்வீர்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் நான் வேறு மருத்துவரைத் தேடுவேன். கிருமியை வெளியேற்ற மணிக்கணக்கில் உழைத்துவிட்டு எச்சிலை உள்ளே விடுவதில் எந்தப் பயனும் இல்லை. கழுவும் மருந்து பெரும்பாலும் சோடியம் ஹைப்போகுளோரைட், குளோரின் வாடை வரும். வாடை வருவது இயல்பு. நாக்கில் சுவையோ எரிச்சலோ தெரிந்தால் விரிப்பு எங்கோ கசிகிறது என்று பொருள். உடனே கையை உயர்த்திச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பல்லில் ஏற்கெனவே இருந்த பழைய அடைப்பும் சொத்தையும். அவற்றை முழுதாக எடுத்துவிட்டுத்தான் வேருக்குள் போகிறார்களா என்று கேளுங்கள். பழைய அடைப்பின் ஓரத்தில் ஏற்கெனவே கசிவு இருந்தால், அதன் நடுவில் துளை போட்டுப் புது அடைப்பு வைப்பதில் பயனில்லை.

4. இரண்டு அமர்வுகளுக்கு நடுவே: தற்காலிக அடைப்பு

இங்கேதான் நான் தவறினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே அமர்வில் முடியாத பல்லில், குழாய்களுக்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற மருந்துப் பசையை வைத்து மேலே தற்காலிகமாக மூடி அனுப்புவார்கள். வழக்கமாக ஒரு வாரம் முதல் சில வாரம் வரை. மூடப் பயன்படும் கேவிட் போன்ற பொருள் மென்மையானது. ஈரம் பட்டு இறுகி, கொஞ்சம் உப்பி, ஓரங்களை நன்றாக அடைக்கும். அது அதன் நல்ல குணம். ஆனால் கடிக்கக் கடிக்கத் தேயும். குறைந்தது 3.5 மி.மீ. கனம் இருந்தால்தான் கசிவைத் தடுக்கும் என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். மேலே 1 மி.மீ. தேய்ந்து, அடியில் பெரிய பஞ்சு உருண்டையும் இருந்தால், மிஞ்சும் கனம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பஞ்சின் இழை ஒன்று அடைப்பின் ஓரத்தில் மாட்டிக்கொண்டால், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் எச்சில் அதன் வழியே இறங்கும்.

ஆகவே கிளம்பும் முன் மூன்றைக் கேளுங்கள்: என்ன பொருள், எத்தனை நாள் தாங்கும், அடுத்த வருகை தள்ளிப்போனால் என்ன செய்வது. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்தால் (பயணம், தேர்வு, பிரசவம், எதுவானாலும்) சொல்லிவிடுங்கள். கேவிட்டுக்குப் பதிலாக, அல்லது அதற்கு மேல் ஓர் அடுக்காக, கிளாஸ் அயனோமர் போன்ற கெட்டியான பொருளை வைப்பார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது:

- முதல் ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் எதையும் கடிக்காதீர்கள். அதன் பிறகும் கேப் வரும் வரை மறுபக்கமே மெல்லுங்கள்.
- சூயிங்கம், ஒட்டுகிற மிட்டாய், கடினமான கொட்டை வகைகள் வேண்டாம்.
- பல் துலக்குவதை நிறுத்தாதீர்கள். அந்தப் பல்லையும் மென்மையாகத் துலக்குங்கள்.
- தினமும் ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில், கைப்பேசியில் அந்தப் பல்லைப் படம் எடுங்கள். நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால் குழி விழுந்திருப்பது கண்ணாடியில் தெரிவதைவிடச் சீக்கிரம் தெரியும்.

மேலே லேசாகத் தேய்வது இயல்பு. ஓரத்தில் துண்டு உடைந்து, உள்ளே கறுப்பாகவோ பஞ்சாகவோ தெரிந்தால், அல்லது மருந்துக் கசப்பு நாக்கில் பட்டால், அன்றே மருத்துவமனைக்கு அழையுங்கள். அடுத்த தேதி இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள்.

5. வேரை அடைத்த அன்று கேட்டு வாங்க வேண்டியவை

அடைத்து முடித்ததும் கடைசி எக்ஸ்ரே எடுப்பார்கள். அதைக் காட்டச் சொல்லுங்கள். கட்டாபெர்ச்சா வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு வேர் நுனிக்கு 2 மி.மீ.க்குள் வந்து நிற்க வேண்டும், நுனியைத் தாண்டி வெளியே நீளக் கூடாது. நடுவில் கறுப்பு இடைவெளிகள் இருக்கக் கூடாது. வேரின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்கி ஓடினால் பக்கத்தில் இன்னொரு குழாய் விட்டுப்போயிருக்கலாம். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது குழாய் இருப்பது மிகச் சாதாரணம், அது தவறவிடப்படுவதும் அடிக்கடி நடக்கிறது. "எத்தனை குழாய் கிடைத்தது?" என்று கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. படத்தில் தெரிவதை வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டாம், மருத்துவரிடம் விளக்கம் கேட்க மட்டும் பயன்படுத்துங்கள்.

கையோடு வாங்கி வைக்க வேண்டிய ஆவணங்கள்:

- சிகிச்சைக்கு முன், நடுவில், பின் எடுத்த எக்ஸ்ரேக்கள், கோப்பாக. திரையைப் படமெடுத்த கைப்பேசிப் படம் போதாது, நுணுக்கம் தெரியாது.
- பல்லின் எண். பல நாடுகளில் இரண்டு இலக்க முறைதான் வழக்கம்: 36 என்றால் இடது கீழ் முதல் கடைவாய்ப் பல், 16 என்றால் வலது மேல் முதல் கடைவாய்ப் பல்.
- குழாய்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் நீளம், பயன்படுத்திய சீலர்.
- அடைத்த தேதி, மேலே வைத்த அடைப்பின் பெயர், அது தற்காலிகமா நிரந்தரமா.
- உள்ளே அரம் ஏதும் முறிந்து தங்கியிருந்தால் அந்தக் குறிப்பு.
- கட்டண ரசீது, பிரிவு வாரியாக.

எனக்கு மறுசிகிச்சை செய்த நிபுணர் முதலில் கேட்டது இவற்றைத்தான். என்னிடம் ஒரு மங்கலான கைப்பேசிப் படம் மட்டுமே இருந்தது. பழைய அளவுகள் இருந்திருந்தால் முதல் அமர்வு அவ்வளவு நீண்டிருக்காது.

இன்னொன்று. குழாய்களின் வாயை, கட்டாபெர்ச்சாவுக்கு மேலேயே, கிளாஸ் அயனோமர் அல்லது பல் நிறப் பிசின் (காம்போசிட்) அடைப்பால் மெல்லிய அடுக்காக மூடிவிட முடியும். மேலே இருப்பது பெயர்ந்துவிட்டாலும் இந்த இரண்டாவது கதவு மூடியிருக்கும். "குழாய் வாயை மூடியிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். சில நிமிட வேலை.

6. நிரந்தர அடைப்பும் கேப்பும்

வேரை அடைத்த அன்றே மேலே நிரந்தர அடைப்பு வைத்துவிடுவதுதான் சிறந்தது. முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்குள். கேப்பை அதற்கு அப்புறம், முடிந்தவரை ஒரு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். வேர் நுனியில் பெரிய சீழ்க்கட்டி இருந்தால் ஆறுகிறதா என்று பார்த்துவிட்டுக் கேப் போடலாம் என மருத்துவர் சொல்லக்கூடும். அப்போதும் அடியில் இருக்கும் அடைப்பு நிரந்தரமானதாக இருக்க வேண்டும்.

எல்லாப் பல்லுக்கும் கேப் வேண்டுமா? வேண்டாம். முன்பல்லில் சிறு துளை மட்டும் போட்டிருந்து, மற்றபடி பல் முழுதாக இருந்தால், பிசின் அடைப்பே பல நேரம் போதும். கடைவாய்ப் பல் கதை வேறு. அதன்மேல் விழும் கடி பலமானது, நடுவில் குடைந்த பல் பிளந்துவிடும். 2002-இல் அக்விலினோ, காப்லன் வெளியிட்ட ஆய்வில், வேர் சிகிச்சை செய்து கேப் போடாத பற்கள், கேப் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வீதத்தில் இழக்கப்பட்டன.

போஸ்ட் நட வேண்டும் என்றால், வேர் நுனிப் பக்கம் குறைந்தது 4 முதல் 5 மி.மீ. கட்டாபெர்ச்சா மிஞ்ச வேண்டும். அதையும் சுரண்டி எடுத்துவிட்டால் நுனியில் தடுப்பே இருக்காது. போஸ்ட் நடும்போதும் ரப்பர் டேம் தேவை.

கேப் பொருத்தும் நாளில் அவசரப்படாதீர்கள். ஒட்டுவதற்கு முன் ஓரங்கள் பல்லோடு சேர்கின்றனவா என்று எக்ஸ்ரேயிலோ கூர்கருவியாலோ பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பல்லோடு உள்ள இடைவெளியில் ஃப்ளாஸ் நூலை விட்டுப் பாருங்கள்: இறுக்கமாக நுழைய வேண்டும், நூல் கிழியக் கூடாது. கிழிந்தால் ஓரம் துருத்திக்கொண்டிருக்கிறது. ஒட்டிய பிறகு இதைச் சரிசெய்வது மிகக் கடினம். கேப் தயாராகும் வரை தற்காலிகக் கேப் கொடுத்தால் ஃப்ளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள், இல்லையென்றால் கேப்பும் கூடவே வந்துவிடும்.

7. நடுவில் அடைப்பு விழுந்துவிட்டால்

தேதியைக் குறித்து வையுங்கள். எத்தனை நாள் திறந்திருந்தது என்பதுதான் மருத்துவர் முதலில் கேட்பது.

ஒன்றிரண்டு நாளில் போய்விட்டால் பெரும்பாலும் சுத்தம் செய்து மறுபடி மூடினால் போதும். மாதக்கணக்கில் திறந்திருந்தால் நிலைமை வேறு. 1991-இல் வந்த ஓர் ஆய்வு, மூன்று மாதம் எச்சில் பட்ட வேர் அடைப்பை மறுபடி செய்வது பற்றி யோசிக்க வேண்டும் என்றது. நன்றாக அடைத்த வேர்கள் அதைவிட நெடுநாள் தாக்குப்பிடித்ததைக் காட்டிய ஆய்வுகளும் உண்டு, அதனால் பயந்து போகாதீர்கள். ஆனால் "நான்கு மாதம் தற்காலிக அடைப்போடு இருந்தேன்" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் அதன்மேலேயே கேப் போடலாம் என்று பதில் வந்தால், ஏன் மறுசிகிச்சை தேவையில்லை என்று காரணம் கேளுங்கள், புது எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். நான் இரண்டையும் கேட்கவில்லை.

வீட்டிலேயே பஞ்சு, மெழுகு, பசை என்று எதையும் வைத்து அடைக்காதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் தற்காலிக அடைப்புப் பொருள் ஓரிரு நாளைக்குத் தாங்கலாம். அதுவும் மருத்துவரைக் கேட்ட பிறகுதான். ஆன்டிபயாடிக் மாத்திரை கசிவை அடைக்காது. வீக்கம் கொஞ்சம் வடியும், ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

8. கேப்புக்குப் பிறகு

சிகிச்சைக்குப் பின் சில நாள் கடிக்கும்போது லேசான வலி வருவது வழக்கம். நாளாக நாளாகக் கூடும் வலி, வீக்கம், காய்ச்சல் வழக்கமல்ல. முகம் வீங்கி விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால் பல் மருத்துவமனை திறக்கும் வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கே போங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: இந்தப் பல்லில் நரம்பு இல்லை. கேப்புக்கு அடியில் புதுச் சொத்தை விழுந்தால் கூச்சம் வராது, குளிர்ந்த நீர் சுரீர் என்று இறங்காது. அதனால் வேறு அறிகுறிகளைத் தேட வேண்டும்: ஈறில் வந்து வந்து போகும் கொப்புளம், ஃப்ளாஸ் நூலை முகர்ந்தால் அந்த ஓரிடத்தில் மட்டும் நாற்றம், கேப் லேசாக அசைவது, விரலால் தட்டினால் பக்கத்துப் பல்லைவிட வேறுமாதிரி உணர்வு. ஃப்ளூரைடு பற்பசை, தினம் ஒரு முறை கேப்பின் ஓரத்தை இடைப்பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்வது, இந்த இரண்டும் போதும்.

ஓராண்டு முடிந்ததும் வலி இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுங்கள். ஐரோப்பிய வேர் சிகிச்சைச் சங்கத்தின் 2006 வழிகாட்டுதல் அதைத்தான் சொல்கிறது. நுனியில் இருந்த கருநிழல் முழுக்க மறையாவிட்டால் நான்கு ஆண்டு வரை தொடர்ந்து பார்க்கச் சொல்கிறது. போகும்போது ஐந்தாம் படியில் வாங்கி வைத்த பழைய எக்ஸ்ரேக்களை எடுத்துப் போங்கள். அன்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நிழல் சுருங்கியதா வளர்ந்ததா என்று சொல்ல முடியும். என் மறுசிகிச்சைக்கு ஓராண்டு ஆனபோது அப்படி இரண்டையும் திரையில் வைத்துக் காட்டினார்கள். வேர் நுனியில் பட்டாணி அளவு இருந்த கறுப்பு, மிளகளவுக்கு வந்திருந்தது. அடுத்த படம் வரும் ஆண்டில். தேதியை அன்றே குறித்துக்கொண்டு வந்தேன்.